பதம் பார்க்க ஒரு விலை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அடுப்படியில் நின்று பழகிய யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. கரண்டியில் நாலு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் போதும். இறக்கலாமா, இன்னும் ஒரு கொதி விடலாமா என்று தெரிந்துவிடும். பதம் பார்க்கிறவர் வீட்டு ஆள். அந்த வேலைக்கு அவருக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அவரிடம் யாரும் காசு கேட்பதும் இல்லை.

மென்பொருள் உலகில் இந்த வேலைக்கு பீட்டா சோதனை என்று பெயர். இன்னும் முழுதாக வேகாத பதிப்பைச் சிலர் கையில் கொடுத்து, எங்கே உடைகிறது என்று பார்ப்பது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. பல காலம் பதம் பார்க்க வந்தவர்தான் இங்கே காசு கட்டினார். அடுத்து வரப்போகும் ஐஓஎஸ் பதிப்பை முதல் பந்தியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்தில் சேர வேண்டும்; ஆண்டுச் சந்தா 99 டாலர். 2008இல் அது நம் பணத்துக்கு சுமார் 4,000 ரூபாய். டாலர் ஏற ஏற, 2023 வாக்கில் 8,000 ரூபாயைத் தாண்டிவிட்டது.

அந்த 2023 ஜூனில், ஐஓஎஸ் 17 அறிமுகமான கையோடு, ஒரு மாற்றம் தெரிந்தது. சந்தா கட்டாதவர்களின் ஃபோனிலும் 'டெவலப்பர் பீட்டா' என்ற வரி வந்து உட்கார்ந்திருந்தது. ஏதோ தவறுதலாகத் திறந்து கிடக்கிற கதவு, சீக்கிரம் மூடிடுவாங்க என்றுதான் பலர் நினைத்தார்கள். மூடவில்லை. இலவசக் கணக்குக்கும் இது உண்டு என்று ஆப்பிளின் உறுப்பினர் விவரப் பட்டியலிலேயே ஏறிவிட்டது.

15 வருடம் காவல் வைத்த கதவை ஏன் திறந்தார்கள்? முதலில் ஏன் பூட்டினார்கள்? பூட்டியிருந்த காலத்தில் காசு கட்டாதவர்கள் எந்த வழியாக உள்ளே போனார்கள்? பார்த்தால் காசுக் கணக்கு போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதைக்குள் ஒரு வரைபடமும், ஆஸ்திரேலியாவின் ஒரு வறண்ட காடும், ஒரு தெலுங்கு எழுத்தும் வருகின்றன. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி வேறாகிவிடும்: பானையின் எந்த மூலையில் இருந்து பருக்கையை எடுக்கிறோம்?

வீட்டுக்குள் இருந்து வாசலுக்கு

ஆல்ஃபா, பீட்டா என்ற பெயர்களின் வேர் ஐபிஎம் நிறுவனத்தில் இருக்கிறது. அறை அளவு கணினிகள் செய்த காலத்தில் அவர்களிடம் ஏ, பி, சி என்று மூன்று சோதனைகள் இருந்தன. புதிய பொருளை ஊருக்கு அறிவிக்கும் முன் ஏ சோதனை. தொழிற்சாலையில் உற்பத்திக்கு அனுப்பும் முன் பி சோதனை. வாடிக்கையாளருக்கு விடும் முன் சி சோதனை. மூன்றும் வீட்டுக்குள்ளேயே நடந்தவை. மென்பொருள்காரர்கள் இதை எடுத்துக்கொண்டபோது எழுத்து கிரேக்கமாக மாறியது, பொருளும் மாறியது. ஆல்ஃபா என்றால் வீட்டு ஆட்கள் பார்ப்பது, பீட்டா என்றால் வெளியாட்கள் பார்ப்பது என்று வழக்கம் ஏற்பட்டது.

வெளியாட்கள் என்றால் யார்? தொடக்கத்தில் பெரிய வாடிக்கையாளர்கள், நம்பிக்கையான நிரலாளர்கள், பத்திரிகைக்காரர்கள். வட்டம் சின்னதாக இருந்ததற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரதியையும் ஃப்ளாப்பியில் ஏற்றி, தபாலில் அனுப்ப வேண்டும். ஆயிரம் பேருக்கு அனுப்புவதே செலவுதான்.

1994 அக்டோபரில் நெட்ஸ்கேப் உலாவியின் பீட்டா இணையத்தில் இலவசமாக வந்தபோது இந்தக் கணக்கு உடைந்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இயங்குதளம் மாதிரியான பெரிய சரக்கை டயல்-அப் இணைப்பில் இறக்க முடியாத காலம் அது. எனவே அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் வேறு ஒரு காரியம் செய்தது. விண்டோஸ் 95 வெளிவருவதற்கு முன், அதன் முன்னோட்டப் பதிப்பை அமெரிக்காவில் 19.95 டாலருக்கு விற்றது. லட்சக்கணக்கில் மக்கள் வாங்கினார்கள். வேலை முடியாத சரக்கு. 1995 நவம்பரில் தானே காலாவதியாகிவிடும். அதற்குள் ஆகஸ்ட் 24 அன்று உண்மையான விண்டோஸ் 95 கடைக்கு வந்துவிட்டது; அதற்குத் தனியாகக் காசு.

ஆப்பிளும் இதே வழியில் போனது. 2000 செப்டம்பர் 13 அன்று மேக் ஓஎஸ் எக்ஸ் பொது பீட்டாவை 29.95 டாலருக்கு விற்றது. மேக் உலகத்தையே தலைகீழாகப் புரட்டிப் போட்ட புது இயங்குதளம் அது. 2001 மேயில் காலாவதி. வாங்கியவர்களுக்கு முழுப் பதிப்பின் விலையான 129 டாலரில் இருந்து 30 டாலர் தள்ளுபடி கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த பீட்டாவில் ஒரு வேடிக்கை நடந்தது. மேக்கில் திரையின் இடது மூலையில் ஆப்பிள் மெனு இருக்கும். பல வருடப் பழக்கம், கை தானாகவே அங்கே போகும். பொது பீட்டாவில் அந்த மெனுவே இல்லை. ஆப்பிள் சின்னத்தை மெனுப் பட்டையின் நடுவில் வெறும் அலங்காரமாக ஒட்டியிருந்தார்கள், சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. பயனர்கள் சத்தம் போட்டார்கள். 2001 மார்ச்சில் 10.0 வந்தபோது சின்னம் இடது மூலைக்குத் திரும்பியிருந்தது, மெனுவும் உயிர் பெற்றிருந்தது. இன்றுவரை அங்கேயே இருக்கிறது. 30 டாலர் கொடுத்துப் பதம் பார்த்தவர்கள் சமையலையே மாற்றியதற்கு இது நல்ல சாட்சி.

சந்தாவும் பூட்டும்

அதன்பின் ஆப்பிள் கடையை மூடிக்கொண்டது. அடுத்த பல வருடங்கள் வெளிவராத மேக் பதிப்புகள் டெவலப்பர்களுக்கு மட்டும்தான். அவர்களுக்குக் கொடுத்த முன்பதிப்புகளை ஆப்பிள் 'சீட்' என்று சொல்லும், விதை என்று பொருள். விதைநெல்லை யாரும் சாப்பிடக் கொடுக்க மாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு கண்டிப்பு. இந்த விதை கிடைக்கிற உறுப்பினர் தகுதி ஆண்டுக்கு 499 டாலர். அதற்கு மேல் ஒரு படி, 3,499 டாலர். மாணவர்களுக்கு 99.

கண்டிப்பு எவ்வளவு என்பது 2004 டிசம்பரில் தெரிந்தது. அப்போது உருவாகிக்கொண்டிருந்த டைகர் என்ற மேக் பதிப்பை பிட்டோரென்டில் பகிர்ந்ததாக 3 பேர் மீது ஆப்பிள் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. உறுப்பினர்களுக்கு ரகசிய உடன்படிக்கையின் பேரில் கொடுத்த சரக்கு வெளியே போனது என்பதுதான் புகார்.

இந்த வழக்கில் ஆப்பிளின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிய பொருளை ஊருக்கு இறைத்தால் எந்தக் கம்பெனிதான் சும்மா இருக்கும்? அடுத்த மாடல் என்ன என்பதைக் கடைசி நிமிடம் வரை மறைத்து வைத்து விற்கிற நிறுவனம் வேறு. அந்தக் காலத்து 499 டாலரை நுழைவுக் கட்டணமாக மட்டும் பார்த்தால் புரியாது, அது ஒரு பிணைப்பணம் மாதிரி. காசு கட்டியவருக்குப் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, இழக்க ஒன்று இருக்கிறது. வாயைத் திறக்க மாட்டார்.

2008இல் ஐஃபோனுக்கு வெளியாட்கள் செயலி எழுதலாம் என்று வந்தபோது இந்தப் பூட்டு கைக்கடக்கமாகச் சுருங்கியது. மார்ச் 6 அன்று அறிவிப்பு, ஆண்டுக்கு 99 டாலர், ஜூலையில் ஆப் ஸ்டோர். 499உடன் ஒப்பிட்டால் மலிவுதான். ரகசியக் காப்பு மட்டும் குறையவில்லை. வெளிவந்துவிட்ட கருவிகளைப் பற்றிக்கூட டெவலப்பர்கள் பொதுவில் பேசக் கூடாது என்று விதி. பாடப் புத்தகங்கள்கூட அச்சுக்குப் போக முடியாமல் நின்றன. அந்த விதியை 2008 அக்டோபரில் தளர்த்தினார்கள்.

நூறு நாற்காலிகள்

இந்த 99 டாலர் திட்டத்துக்குள் ஓர் ஓட்டை இருந்தது. அப்போது ஒவ்வொரு ஐஃபோனுக்கும் யூ.டி.ஐ.டி. என்று 40 இலக்க அடையாள எண் இருந்தது. டெவலப்பர் தன் செயலியைச் சோதிக்க, ஆண்டுக்கு 100 கருவிகள் வரை இந்த எண்ணைக் கொடுத்து ஆப்பிளிடம் பதிவு செய்துகொள்ளலாம். நண்பர்கள், வாடிக்கையாளர்கள், அலுவலக ஃபோன்கள் எல்லாம் இதில் அடங்கும். பதிவான ஃபோனில் செயலியோடு சேர்த்து ஐஓஎஸ் பீட்டாவும் ஓடும். பதிவாகாத ஃபோனில் பீட்டாவை ஏற்றினால், தொடக்கத் திரையிலேயே நின்றுவிடும்.

தனியாளாக வேலை செய்யும் டெவலப்பருக்கு நாலைந்து ஃபோன் போதும். மீதி 95 நாற்காலி காலி. மறுபக்கம், புது ஐஓஎஸ்ஸை இப்போதே பார்த்தாக வேண்டும் என்று துடிக்கிற லட்சம் பேர். இந்த இரண்டுக்கும் நடுவில் சந்தை முளைக்காமல் இருந்தால்தான் அதிசயம். உங்கள் எண்ணை அனுப்புங்கள், சில டாலர் கட்டுங்கள், சில மணி நேரத்தில் பதிவாகிவிடும் என்று தளங்கள் கிளம்பின. நாற்காலி ஒன்று 5 டாலர் என்று வைத்துக்கொண்டாலே 100 நாற்காலிக்கு 500 டாலர். சந்தா 99 போக மீதி லாபம். அந்தக் கணக்கு நிரம்பினால் இன்னொரு கணக்கு. நம்ம ஊர் சினிமா டிக்கெட் பிளாக்கில் விற்ற அதே கணக்குதான், கவுன்ட்டர் மட்டும் வேறு.

2012 கோடையில், ஐஓஎஸ் 6 பீட்டா ஓடிக்கொண்டிருந்த சமயம், இந்தத் தளங்கள் பல வரிசையாக மூடப்பட்டன. ஆனால் தேவை மூடப்படவில்லை. அடுத்த வருடம் ஐஓஎஸ் 7 முழு முகத்தையும் மாற்றிக்கொண்டு வந்தது. வேறு எந்தப் பதிப்பையும் விட அதை முன்னால் பார்க்கும் ஆசை கூடியது. "என் ஃபோன்ல புதுசு வந்துருச்சு, உனக்கு வரலையா?" என்று காட்டுகிற பெருமைக்கு விலை ஏது?

இதனால் அடிபட்டவர்கள் சின்ன டெவலப்பர்கள். அவர்கள் எழுதிய செயலி பழைய ஐஓஎஸ்ஸில் ஒழுங்காக ஓடும், பீட்டாவில் விழும். அதைச் சரிசெய்யத்தான் அந்த மூன்று மாத அவகாசமே. திருட்டு வழியில் பீட்டா போட்டவர் இதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். செயலி விழுந்ததும் ஸ்டோருக்குப் போய் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, 'குப்பை, ஓபனே ஆகலை' என்று எழுதிவிட்டு வருவார். ஓட்டலுக்குள் பின்வாசல் வழியாக நுழைந்து, அடுப்பில் கொதிக்கிறதை எடுத்து வாயில் போட்டுவிட்டு, வாசலில் போய் 'இங்க சாப்பிடாதீங்க' என்று கத்துவது மாதிரி. கதவைத் திறக்கச் சொல்கிற நாம் இந்த வலியை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு அடுப்பங்கரை

எல்லா வீட்டிலும் இப்படிப் பூட்டு இருந்தது என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் உலகத்தில் முன்பதிப்பு என்பதே திறந்த திண்ணையில் கிடக்கும். டெபியன் திட்டத்தில் நிலையற்ற கிளைக்கு எப்போதும் 'சிட்' என்றுதான் பெயர். 'டாய் ஸ்டோரி' படத்தில் பொம்மைகளை உடைத்துப் போடும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் அது. உடையும் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் எடுத்துக்கோ, உடைந்தால் எங்களிடம் சொல், முடிந்தால் நீயே சரிசெய். சந்தா கிடையாது, ரகசியம் கிடையாது.

மைக்ரோசாஃப்ட்டும் நடுவில் பாடம் கற்றது. 2009 ஜனவரியில் விண்டோஸ் 7 பீட்டாவை இலவசமாக விட்டது, முதல் 25 லட்சம் பேருக்கு மட்டும் என்று எல்லை போட்டு. வந்த கூட்டத்தில் அவர்களுடைய சர்வர்களே திணறின. எல்லையைத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. 14 வருடம் முன்பு 19.95 டாலர் வாங்கிய அதே நிறுவனம்.

ஆப்பிள் அசையவில்லை. அதை அசைத்தது ஒரு வரைபடம்.

குப்பர்டினோவில் வெந்தது, மில்டுராவில் வேகவில்லை

2012 செப்டம்பரில் ஐஓஎஸ் 6 வந்தது. கூகுள் வரைபடத்தைத் தூக்கிவிட்டு, ஆப்பிள் தன் சொந்த வரைபடத்தை வைத்திருந்தது. சில மணி நேரத்தில் உலகமெங்கும் இருந்து புகார்கள். லண்டனின் பாடிங்டன் ரயில் நிலையம் காணோம். டப்ளின் நகரில் 'ஏர்ஃபீல்ட்' என்ற பண்ணையை விமான நிலையம் என்று குறித்திருந்தார்கள்; விமானிகள் யாரும் அங்கே இறங்கிவிடாதபடி எச்சரிக்க வேண்டும் என்று அயர்லாந்து அமைச்சர் ஒருவர் சொல்லும் நிலை. பத்து நாளுக்குள் தலைமை நிர்வாகி டிம் குக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வேறு நிறுவனங்களின் வரைபடங்களைப் பயன்படுத்தச் சொல்லிப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தார்.

சிரிப்பாக ஆரம்பித்தது டிசம்பரில் சிரிப்பாக இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மில்டுரா என்ற ஊர். ஆப்பிள் வரைபடம் அதை உண்மையான இடத்தில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, மர்ரே-சன்செட் தேசியப் பூங்காவின் நடுவில் வைத்திருந்தது. வரைபடத்தை நம்பிக் காரில் போனவர்கள் அந்தக் காட்டில் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் கிடைக்காத இடம், வெயில் 46 டிகிரி வரை போகக்கூடிய இடம். இது உயிருக்கு ஆபத்தான விஷயம் என்று விக்டோரியா போலீஸ் எச்சரிக்கை வெளியிட்டது.

இவ்வளவு பெரிய தவறு பீட்டாவில் எப்படித் தப்பியது? மூன்று மாதம் பீட்டா ஓடியதே! சில வருடம் கழித்து, 2016இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் ஆப்பிளின் மூத்த நிர்வாகி எடி கியூ இதற்கு விடை சொன்னார். தலைமையகம் இருக்கும் குப்பர்டினோவில் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பகுதியின் வரைபடம் நன்றாகவே தெரிந்தது, எனவே பிரச்சினை கண்ணில் படவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். பொதுமக்கள் ஐஓஎஸ் பீட்டாவைப் பயன்படுத்த முடிவதற்கே அந்த வரைபட விவகாரம்தான் காரணம் என்றும் சொன்னார்.

ஒரு சோறு பதம் என்ற பழமொழிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பானைக்குள் தண்ணீர் ஒன்று, தீ ஒன்று, அரிசி ஒன்று. எங்கே எடுத்தாலும் ஒரே பதம். உலகம் முழுக்கப் போகிற மென்பொருள் அப்படிப்பட்ட பானை இல்லை. குப்பர்டினோவில் குழைய வெந்த சோறு மில்டுராவில் பச்சை அரிசியாகக் கிடந்தது. அங்கே ஒரு பருக்கை எடுத்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் டெவலப்பராக இருக்க மாட்டார். லாரி ஓட்டுகிறவராக இருப்பார், விவசாயியாக இருப்பார். 99 டாலர் கட்டி அவர் ஏன் வரப்போகிறார்?

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2014 ஏப்ரலில் மேக் பீட்டா யாருக்கும் இலவசம். ஜூலையில் யோசெமிட்டி பதிப்பின் பொது பீட்டா, முதல் 10 லட்சம் பேருக்கு. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான இன்சைடர் திட்டத்தை அறிவித்தது, இலவசம்தான். இரண்டே வாரத்தில் 10 லட்சம் பேர் பதிந்தார்கள். 2015 மார்ச்சில் முதல்முறையாக ஐஃபோனுக்கும் பொது பீட்டா. அந்த ஒற்றை நட்சத்திரப் பிரச்சினைக்கும் அப்போதுதான் வழி பிறந்தது: பீட்டா ஓடுகிற கருவியில் இருந்து ஸ்டோரில் விமர்சனம் எழுத முடியாதபடி 2015 ஜூலையில் தடுத்தார்கள். இவ்வளவு எளிய தடுப்பை முன்பே செய்திருக்கலாமே என்று டெவலப்பர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

இரண்டாவது பந்தி

பொது பீட்டா வந்தது, சரி. ஆனால் அது இரண்டாவது பந்தி. டெவலப்பர்களுக்கு ஜூனில் இலை போட்டால் மற்றவர்களுக்கு ஜூலையில். அந்த ஒரு மாதம் காத்திருக்க முடியாதவர்கள் பழையபடி பின்வாசலைத் தேடினார்கள். இப்போது வழி இன்னும் சுலபம். கருவியைப் பதிவு செய்ய வேண்டிய அவசியம் போய்விட்டது. 'ப்ரொஃபைல்' என்ற ஒரு சின்னக் கோப்பை ஃபோனில் ஏற்றினால் போதும், டெவலப்பர் பீட்டா தானாக இறங்கும். அந்தக் கோப்பு யாரோ ஒரு டெவலப்பரின் கையில் இருந்து கிளம்பி ஊரெல்லாம் சுற்றியது. பத்து காசு செலவில்லை. வருடா வருடம் ஜூன் மாதம் இது ஒரு சடங்கு ஆகிவிட்டது.

2023 தொடக்கத்தில், ஐஓஎஸ் 16.4 பீட்டாவோடு, ஆப்பிள் அந்தக் கோப்பு வழியை அடைக்க ஆரம்பித்தது. இனி பீட்டா உரிமை ஆப்பிள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். கணக்கில் சந்தா இருந்தால் அமைப்புகள் பகுதியில் வரி தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. இனிமேல் தப்ப முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். சில மாதத்திலேயே, நாம் ஆரம்பத்தில் பார்த்த ஜூன் மாதம் வந்தது. பூட்டை உறுதியாக்கிய கையோடு கதவையே திறந்துவிட்டார்கள்.

இது முரண் மாதிரி தெரிந்தாலும் முரண் இல்லை. முன்பு 99 டாலர் செய்த வேலை என்ன? யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது. இப்போது அதைக் கணக்கே செய்துவிடுகிறது. எந்த ஃபோனில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, யார் கணக்கில் ஓடுகிறது என்று எல்லாம் தெரியும். பிணைப்பணம் இல்லாமலே பிணைப்பு கிடைத்துவிட்டது. இத்தனை லட்சம் ஃபோன்களில் இருந்து வரும் வழு அறிக்கைகளின் மதிப்பு அந்தச் சந்தாவைவிட அதிகம் என்பதும் புரிந்துவிட்டது. தாராள மனசு என்று சொல்வதைவிட, கணக்குத் தெரிந்த மனசு என்று சொல்லலாம்.

சந்தா அடியோடு போய்விடவும் இல்லை. ஸ்டோரில் செயலி வைக்க இன்றும் 99 டாலர்தான். தான் எழுதிய செயலியைத் தன் சொந்த ஃபோனில் போட்டுப் பார்க்க 2015 முதல் காசு வேண்டாம். ஆனால் இலவசக் கணக்கில் ஏற்றியது 7 நாளில் செத்துவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். பதம் பார்க்க இலவசம், பரிமாறக் காசு.

ஞானத்தின் முதல் எழுத்து

இது நமக்கு எந்த அளவு சம்பந்தப்பட்ட விஷயம்? 2018 பிப்ரவரியில் நடந்தது அதற்குப் பதில் சொல்லும். ஐஓஎஸ் 11.2.5 ஓடிய ஐஃபோனில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்தால் செயலி விழுந்தது. அந்த எழுத்து அறிவிப்பாக வந்தால் ஃபோனே திரும்பத் திரும்ப விழுந்து எழுந்தது. 'ஜ்ஞா' என்பது அந்த எழுத்து. அபூர்வமான எழுத்தா? இல்லை, தெலுங்கில் ஞானம் என்று எழுதினால் அதுதான் முதல் எழுத்து. வங்காளம், தேவநாகரி எழுத்துகளின் சில சேர்க்கைகளுக்கும் அதே கதி என்று பிறகு தெரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 8 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழி தெலுங்கு. அவர்களுடைய மொழியின் எழுத்து ஒன்று ஃபோனைக் கவிழ்க்கும் ஆயுதமாகிவிட்டது. வேடிக்கைக்கென்று அந்த எழுத்தை ஊர் முழுக்க அனுப்பி விளையாடினார்கள்.

பிப்ரவரி 19 அன்று 11.2.6 என்ற திருத்தம் வந்தது. கவனிக்க வேண்டியது வேறு ஒன்று: அப்போது பீட்டாவில் இருந்த 11.3 பதிப்பில் அந்தக் கோளாறு ஏற்கெனவே தீர்ந்திருந்தது. மருந்து சமையலறையில் தயாராக இருந்தது, பந்திக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய கேள்வி, 11.2.5 எப்படி அந்த எழுத்தோடு வெளியே வந்தது என்பது. அதன் பீட்டா காலத்தில் தெலுங்கில் நாலு வரி தட்டுகிறவர்கள் போதிய அளவு இருந்திருந்தால், ஒருவர் கையிலாவது இது முன்பே விழுந்திருக்க வேண்டாமா?

தமிழுக்கும் இதே கணக்குதான். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஐஃபோனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகைகள், தமிழ்99, அஞ்சல் என இரண்டும், வந்து சேர்ந்தன. வெளியாகும் முன்பே அந்தப் பதிப்பில் தமிழ் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக் குறை சொல்ல ஒரு தமிழாசிரியர் ஆசைப்பட்டிருந்தால், அவருக்கு இருந்த வழிகள் இரண்டு. 99 டாலர் கட்டுவது, அல்லது யாரிடமாவது ஒரு நாற்காலியைக் கள்ளச்சந்தையில் வாங்குவது. தன் மொழியில் இருக்கும் பிழையைச் சுட்டிக்காட்டக் காசு கட்ட வேண்டும் என்கிற ஏற்பாடு எவ்வளவு அபத்தம்! ஆங்கிலத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை. சந்தா கட்டிய எல்லோரும் ஆங்கிலம் தட்டுகிறவர்கள்தான். நுழைவுக் கட்டணம் எல்லோருக்கும் ஒரே தொகை. பாதிப்பு ஒரே அளவு இல்லை.

கேட்கிற காது

அப்படியானால் கதவைத் திறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? 2018 அக்டோபரில் விண்டோஸ் இதற்கும் ஒரு பாடம் வைத்திருந்தது. அக்டோபர் 2 அன்று வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. பல வருடக் குடும்பப் புகைப்படங்கள் போயின என்று மக்கள் அழுதார்கள். சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. திருத்திய பதிப்பு நவம்பர் 13 அன்றுதான் வந்தது.

லட்சக்கணக்கான இன்சைடர்கள் இருந்தும் இது எப்படித் தப்பியது? தப்பவில்லை. சில இன்சைடர்கள் மாதக்கணக்கில் முன்பே 'என் கோப்புகள் காணோம்' என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தக் கருத்துப்பெட்டியில் அதிகம் ஓட்டு வாங்கிய புகார்தான் மேலே வரும். கோப்பு தொலைந்தவர்கள் சிலர்தான், ஓட்டும் குறைவு. ஐகான் நிறம் பிடிக்கவில்லை என்ற புகாருக்குக் கீழே அவர்கள் குரல் அமுங்கிப்போகிற அமைப்பு அது. பிறகுதான் புகாரின் தீவிரம் எவ்வளவு என்று பயனரே குறிக்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

பூட்டிய காலத்தில் ஆட்கள் குறைவு. சொன்னால் கேட்க ஓரளவு வழி இருந்தது. ஆப்பிள் மெனு அப்படித்தான் திரும்பி வந்தது. திறந்த காலத்தில் ஆட்கள் ஏராளம். ஒரு தனிக் குரல் எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாது. காசு கட்டாமல் முன்பதிப்பைப் போட்டுக்கொள்ளும் உரிமை இன்று கிடைத்துவிட்டது. அந்தப் புகாரை ஒரு மனிதர் படிப்பார் என்ற உறுதி கிடைக்கவில்லை. கூலி இல்லாத வேலை, உத்தரவாதம் இல்லாத சரக்கு, ஃபோன் படுத்தால் நம் பாடு. மற்ற எல்லாவற்றிலும் அது நமக்கு நஷ்டக் கணக்குதான்.

ஆனாலும் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்பேன், கைவசம் ஒரு பழைய ஃபோன் இருந்தால். அன்றாடம் பயன்படுத்துகிற ஃபோனில் வேண்டாம். பழையதில் பீட்டாவை ஏற்றி, பெருமைக்குப் படம் பிடித்துப் போடுவதோடு நிறுத்தாமல், தமிழில் நாலு பத்தி தட்டிப் பாருங்கள். ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். ஸ்ரீயும் க்ஷவும் உடைகிறதா, ஔவையார் ஒழுங்காக வருகிறாரா என்று பாருங்கள். தப்பு தெரிந்தால் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை எழுதுங்கள். தெரிந்தவர்களையும் எழுதச் சொல்லுங்கள். நம் மூலையில் சோறு வெந்ததா என்று குப்பர்டினோவில் இருந்து பார்த்தால் தெரியாது.